கருவி இருந்த இடம்

தொலைந்துபோன மிதவை
பத்தாம் நாள்தான் வாய் திறந்தது.
அபிஷேகப்பட்டி ஆய்வறைத் திரையில் ஒரு புள்ளி:
கூடுதாழை. அலைவாயிலிருந்து நூற்று நாற்பது மீட்டர்.
கடலுக்குள் அல்ல,
ஊருக்குள்.

கைடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"கால் முளைச்சிருக்கு போல."
வெளியே உடைமரத்தடியில் மயில்கள் குப்பை கிளறின.
உதவித்தொகை வந்து ஏழு மாதம் ஆகிறது.
பச்சைநாயகியிடம் ஸ்கூட்டர் கேட்டு
பெட்ரோலுக்கும் அவளிடமே கேட்டு
திசையன்விளை தாண்டினேன்.
தேரி மணல் செக்கச்செவேலென்று
பாதிச் சாலையில் ஏறிப் படுத்திருந்தது.
சித்திரை. ஒரு பனையோலையும் பேசவில்லை.

இஞ்ஞாசி வீட்டு முற்றத்தில்
பழைய லாரி டயருக்குள் உட்கார்ந்திருந்தது
என் மூன்று வருடம்.
மஞ்சள் உருண்டை. ஆண்டெனாவில்
ஒரு சின்ன கவுன் காய்ந்துகொண்டிருந்தது.
"கயிறு அத்து வலையில வந்து விழுந்துட்டு.
எடுக்கதுக்குள்ள வலை போச்சி.
நாலாயிரத்து இருநூறு.
யூனிவர்சிட்டி தருமா, நீங்க தருவியளா?"
நான் தருவேன் என்றேன்.
எப்போது என்று அவரும் கேட்கவில்லை.
செலஸ்தீன் அக்கா கருப்பட்டிக் காப்பி தந்தாள்.

இரவு விடுதியில் தரவைத் திறந்தேன்.
நேர்கோடு.
உறங்குகிறவன் நெஞ்சு ஏறி இறங்கும் அளவுகூட இல்லை.
அலை உயரம் பூச்சியம், பூச்சியம்,
மாலை நாலரைக்குத் திடீரென
ஒன்றரை நொடிக்கு ஓர் அலை.
எந்தக் கடலிலும் கிடையாத அலை.
கோயில் மணி அடிக்கும் நேரம் வரை.
மறுநாளும் நாலரை. அதற்கு மறுநாளும்.
சனிக்கிழமை காலையிலேயே.
ஞாயிறு, பூசை முடிந்த பிறகு.

போனில் கேட்டேன்.
"நம்ம ஜெனிலாதான் குதிரை ஓட்டுவா" என்றாள் அக்கா.
"உடைச்சிட்டாளோ?"

உடைக்கவில்லை.
விதிப்படி ஒவ்வொரு வரிக்கும்
நான்கு போட்டுக்கொண்டே வந்தேன்.
நான்கு என்றால் கெட்ட தரவு.
நாலு நாலு நாலு என்று
ஒரு பிள்ளையின் சாயங்காலங்களை.

ஆறாம் நாள், இரவு இரண்டு பத்து.
கை நின்றது.
கோடு எழுந்தது. விழுந்து மீண்டும் எழப்
பதினேழு நொடி.
மறுபடி பதினேழு.
இருபத்திரண்டு நிமிடம்.

இந்தப் பதினேழுக்காகத்தான்
உருண்டையைக் கடலில் கட்டிப்போட்டுக் காத்துக் கிடந்தேன்.
தென்கோடிப் பனிக்கடலில் யாரும் பார்க்காத புயல்,
நம் பக்கம் இலை அசையாத இரவில்
நாட்கணக்காய் நடந்து வந்து
கதவைத் தள்ளும்.
கள்ளக்கடல் என்று கரையில் பெயரே வைத்துவிட்டார்கள்.
எனக்குத்தான் அத்தியாயம் நான்கு
வெறும் தலைப்பாகவே நிற்கிறது.

"அன்னைக்கா? தண்ணி முத்தத்துல ஏறிட்டு.
ஆட்டுக்குட்டியத் தூக்கிக்கிட்டு மேட்டுக்கு ஓடினோம்.
ஒங்க பந்து போயிரும்னு
அவுகதான் திரும்பி வந்து
பூவரசுல கட்டுனாவ."

அடுத்த நாள் நாலரைக்குக் கோடு அசையவில்லை.
அதற்கும் அடுத்த நாள்
ஐந்தே காலுக்கு, கொஞ்ச நேரம், மெதுவாக.

கைடு வரைபடத்தைத் தலைகீழாகக்கூடப் பார்த்தார்.
"கரையில கெடந்த கருவி. ஏத்துக்க மாட்டாங்க."
"தெரியும் சார்."
"அழிச்சிராத."

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: கருவி இருந்த இடம்.
அகலாங்கு, நெட்டாங்கு எழுதினேன்.
நீரின் ஆழம்:
முழங்கால் என்று எழுதி, அடித்து,
அரை மீட்டர் என்றேன்.
குறிப்பு: வீட்டு முற்றம். பூவரச மரத்தில் கட்டப்பட்டது.
அந்த இருபத்திரண்டு நிமிடத்துக்கு மட்டும்
நான்கை எடுத்துவிட்டு மூன்று போட்டேன்.
சந்தேகத்துக்குரியது.

வலைக்காசு இன்னும் கொடுக்கவில்லை.